ஒரே டேப்பில் மூன்று பேக்கப்

நான் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டுவிட்டேன் என்றுதான் எங்கள் ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கடிதம் சின்னதுதான், நான்கே வரி. நோயாளிகளின் பதிவேட்டையும் கண் பரிசோதனைப் படங்களையும் நான்கு வருடமாகப் பேக்கப் எடுக்காமல் விட்டது என்னுடைய கவனக்குறைவு என்று அதில் இருந்தது. மேனேஜரே தட்டச்சு செய்து, கீழே எனக்கு ஒரு கோடும் போட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். கடிதத்தைப் படித்தபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அந்த மூடி கழற்றின பேனாவைப் பார்த்ததும்தான் உச்சிக்கு ஏறியது.

புதுக்கோட்டை டவுனில் இருக்கிற கண் ஆஸ்பத்திரி அது. திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம் ஒன்று கட்டியது. குடும்பம் இப்போது சென்னையில் இருக்கிறது. இங்கே எல்லாம் மேனேஜர்தான். கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்று பலகை மாட்டிய அறையில் நான் ஒருத்தி. குளத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், டாக்டரம்மாவின் செல்போனில் சத்தம் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் என் உண்மையான வேலை சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் ஆரம்பிக்கும். அது பேக்கப் எடுப்பது.

எங்கள் சர்வரில் இருந்ததை மூன்றாகப் பிரித்திருந்தோம். ஆபீஸ் கடிதங்கள் ஒரு பகுதி, நோயாளிகளின் பதிவேடு ஒரு பகுதி, கண்ணைப் படம் பிடித்த பரிசோதனைகள் ஒரு பகுதி. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை மூன்றும் தனித்தனி ஃபைல் சிஸ்டம். ஒரே வீட்டில் மூன்று அடுப்பு எரிகிற மாதிரி. மூன்றையும் தினமும் டேப்பில் எழுதி வைக்க வேண்டும். டேப் என்றால் பழைய பாட்டுக் கேசட்டுக்குத் தடித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரே நீள நாடா.

நாளுக்கு மூன்று டேப் வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"ஏம்மா, ஒண்ணுல இம்புட்டு எடம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு மூணு? எல்லாத்தையும் ஒண்ணுலயே போடுங்க" என்றார் மேனேஜர்.

அவர் சொன்னது சரிதான். எழுதக் கசக்கிறது, ஆனாலும் சரிதான். ஒரு டேப்பில் மூன்று பேக்கப்பும் தாராளமாகக் கொள்ளும். ஒன்று முடிந்த இடத்தில் ஒரு முடிவுக்குறி விழும். அதைத் தாண்டி அடுத்ததை எழுத வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டேப்பைச் சொருகி ஓட்டும் பெட்டிதான் டிரைவ்; அதற்குக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு பெயர். ஒரு பெயரில் கூப்பிட்டால் வேலை முடிந்ததும் நாடாவை முழுக்கச் சுற்றித் தொடக்கத்துக்கே கொண்டுபோய்விடும். இன்னொரு பெயரில் கூப்பிட்டால் முடித்த இடத்திலேயே நிற்கும். இது தெரியாமல் முதல் வாரம் நானே ஏமாந்தேன். இரண்டாவது பேக்கப் முதலாவதின் மேலேயே விழுந்தது, மூன்றாவது இரண்டாவதின் மேல் விழுந்தது. சனிக்கிழமை எடுத்துச் சரிபார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல், டிரைவோடு வந்த கையேட்டை வரி விடாமல் படித்து நானாகக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு நான்கு வருடத்தில் ஒரு நாளும் தவறவில்லை.

மொத்தம் ஏழு டேப். திங்கள் முதல் சனி வரை ஆறு. ஏழாவது ஆபீஸ் டேப், மாதத்துக்கு ஒரு முறை ஆபீஸ் கடிதங்களை மட்டும் எழுதிச் சென்னையில் இருக்கும் முதலாளி வீட்டுக்கு அனுப்பி வாங்குவது. டேப்பின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. ஒரு சித்திரை வெயிலில் ஸ்டிக்கர் சுருண்டு டிரைவுக்குள் மாட்டி, அதை எடுப்பதற்குள் பட்ட பாடு போதும் என்றாகிவிட்டது. அதனால் கிழமையை டேப்பை வைக்கும் உறையில் மட்டும் எழுதுவேன். எத்தனை பேக்கப், எந்த வரிசையில் என்று ஒரு துண்டுச் சீட்டும் உள்ளே இருக்கும். எழுதி முடித்ததும் டேப்பின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டை நகர்த்திவிடுவேன். நகர்த்திவிட்டால் படிக்கலாம், மேலே எழுத முடியாது.

போன ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. ஆபரேஷன் தியேட்டர் கருவி முதல் ஜெனரேட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். நான் ஏழு டேப்பையும் உறையோடு கொண்டுபோய் வைத்தேன். ரிசப்ஷனில் இருக்கும் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"உறைக்கா பூச போடுறது? உள்ள இருக்குறதுதானே ஒனக்குச் சோறு போடுது. எடுத்து எலையில வையி" என்றார்.

வைத்தேன். வழவழப்பான பக்கத்தில் ஈரம் படக்கூடாது என்று, ஓரத்துப் பூட்டு இருக்கிற பள்ளத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். கருவிகளுக்கு அன்றைக்கு ஓய்வு, பேக்கப் கிடையாது. மறுநாள் விஜயதசமி விடுமுறை. புதன்கிழமை காலையில் ஏழு டேப்பையும் துணியால் துடைத்து உறைகளில் போட்டேன். ஒரு கையில் துணி, ஒரு கையில் டேப், வாயில் ரிசப்ஷன் அக்கா கொடுத்த பொரி. அன்று பிற்பகல் மழை. இடி ஒன்று ஆஸ்பத்திரி மேலேயே விழுந்த மாதிரி விழுந்தது. சர்வர் நின்றது. திரும்பப் போட்டபோது டிஸ்க் எழுந்திருக்கவில்லை.

நான் பதறவில்லை. சனிக்கிழமை டேப் இருக்கிறது, கடைசியாக எடுத்தது அதுதான், திரும்ப ஏற்றினால் முடிந்தது என்று இருந்தேன். வியாழக்கிழமை காலையில் சர்வர் விற்ற கடையின் இன்ஜினீயர் திருச்சியிலிருந்து வந்து புது டிஸ்க் போட்டார். சனிக்கிழமை உறையை அவரிடம் கொடுத்துவிட்டு, ரிசப்ஷனில் நோட்டுப் போட்டு டோக்கன் எழுதும் வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் கூட்டம் வாசல் வரை நின்றது.

மூன்று மணிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"மேடம், இதுல ஆபீஸ் லெட்டர் மட்டுந்தான் இருக்கு. வேற ஒண்ணுமில்ல. ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டேன்" என்றார் இன்ஜினீயர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எப்படிப் படிச்சீங்க சார்? ஒரு தடவ படிச்சதும் டேப்பு தொடக்கத்துக்குப் போயிருச்சுல்ல? ரெண்டாவது தடவையும் முதல் பேக்கப்பத்தான் படிச்சிருப்பீங்க. ஒரு பாட்டு முடிஞ்சதும் கேசட்டே முடிஞ்சு போச்சுன்னு யாராவது வெளிய எடுப்பாங்களா?"

சிரித்திருக்கக் கூடாது. அவருக்கு முகம் சுருங்கிப்போனது. டேப்பைத் திருப்பி, ஓரத்தில் இருந்த மஞ்சள் கறையை மேனேஜருக்குக் காட்டினார். "டேப்புக்குப் பொட்டு வெச்சா பேக்கப் வந்துரும்னு நெனச்சுட்டாங்க போல, சார். இந்தக் காலத்துல யாரு டேப்பு வெச்சிருக்காங்க? எல்லாம் கிளவுட்ல போட வேண்டியதுதானே."

தூறல் போட்டாலே செத்துப்போகிற எங்கள் நெட் லைனில் கிளவுடாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமா? ஆனால் மேனேஜருக்கு வெளியூர் ஆள் சொன்னால் வேதம். அரை மணி நேரத்தில் அந்தக் கடிதம் தயாராகிவிட்டது.

"இதுல ஒரு கையெழுத்தப் போட்டுருங்கம்மா. சென்னைக்கு அனுப்பணும். நீங்க இனிமே அந்த ரூமுக்குள்ள போக வேண்டாம்" என்றார்.

"போட மாட்டேன் சார். எடுத்தத எடுக்கலைன்னு எப்படி எழுதிக் குடுக்குறது? ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரக் குடுங்க, மூணையும் எடுத்துக் காட்டுறேன்."

"அதெல்லாம் டாக்டரம்மா வந்தாத்தான்."

டாக்டரம்மா நார்த்தாமலையில் கண் முகாமுக்குப் போயிருந்தார். மறுநாள்தான் வருவார். அதற்குள் இன்ஜினீயர் அடுத்த குண்டைப் போட்டார். புது டிஸ்க்கில் ஏற்றியதை முதலில் ஒரு பேக்கப் எடுக்க வேண்டுமாம். இந்த டேப்பில்தான் ஒன்றும் இல்லையே, இதிலேயே எழுதிவிடுகிறேன் என்றார்.

டேப்பின் தொடக்கத்தில் புதிதாக எதை எழுதினாலும் அதோடு டேப் முடிந்தது என்று அங்கே குறி விழும். பின்னால் இருக்கும் பதிவேடும் படமும் நாடாவில் அப்படியே கிடந்தாலும் டிரைவ் அங்கே போக மறுத்துவிடும். மற்ற கிழமை டேப்புகளில் இருந்தது பழசு; சனிக்கிழமை வரைக்கும் ஒன்றும் விடாமல் எடுத்தேன் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த நாடாதான். போகக் கூடாது என்ற அந்த அறைக்குள் போய், டிரைவின் பொத்தானை அழுத்தி டேப்பை வெளியே எடுத்து, என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இத தர மாட்டேன். ஒங்களுக்கு எழுதணும்னா ஆபீஸ் டேப்புன்னு ஒண்ணு இருக்கு, அத எடுத்துக்குங்க. அதுல வெறும் லெட்டர்தான், போனாப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பின்னாலேயே மேனேஜர் கூப்பிடுவது கேட்டது. நான் திரும்பவில்லை.

பஸ் கிளம்புவதற்குள் போன் வந்தது.

"ஏம்மா, ஆஸ்பத்திரிப் பொருள வெளிய கொண்டுபோறது திருட்டு, தெரியும்ல?"

"தெரியும் சார். காலைல நானே கொண்டாரேன். படிச்சுக் காட்டுறதுக்கு. அழிக்கிறதுக்கு இல்ல."

வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். சாயங்காலம் பேசினபோது எல்லாவற்றையும் சொன்னேன். "எதுக்கு வம்பு? கையெழுத்தப் போட்டுட்டு வந்துரு. வேற வேலையா கெடைக்காது?" என்றார். வேலை கிடைக்கும். நான்கு வருடம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கினவள் என்ற பெயர் எங்கே போனாலும் முன்னாடியே போய் நிற்கும். "நீங்க அங்கிட்டு உக்காந்துக்கிட்டு சொல்லுவீங்க, இங்கிட்டு மூஞ்சியக் காட்டுறது நானு" என்று போனை வைத்தேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு யார் பேசியிருந்தாலும் அதைத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. டாக்டரம்மா முழுக் கதையையும் கேட்டார். ஆவுடையார்கோவிலில் இருந்து வந்த ஒரு பெரியவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண் நீர் அழுத்தம் உள்ளவர். மூன்று வருடப் பழைய படங்களோடு ஒப்பிட்டால்தான் ஆபரேஷன் வேண்டுமா, சொட்டு மருந்து போதுமா என்று சொல்ல முடியும். "எடுத்துக் காட்டும்மா" என்றார் டாக்டரம்மா.

டேப்பை ஏற்றினேன். முதல் முடிவுக்குறியைத் தாண்டிப் போகச் சொன்னேன். டிரைவ் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றது.

மறுபடி தொடக்கத்திலிருந்து செய்தேன். மறுபடியும் அதையேதான் சொன்னது.

"நான் நேத்தே சொன்னேன்ல" என்று இன்ஜினீயர் மெதுவாகத்தான் சொன்னார். மேனேஜர் அதே கடிதத்தை, அதே பேனாவை மேசையில் வைத்தார். ஒரு நிமிடம் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். நான்கு வருடமும் தினமும் சாயங்காலம் நான் செய்ததெல்லாம் என்ன என்று மனசுக்குள் ஓடியது. அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அழவில்லை.

பேனாவைத் தொடாமல், திரையில் இருந்த கடிதப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். கடைசிக் கடிதம் மாதத் தொடக்கத்தில் எழுதியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆயுத பூஜை விடுமுறைச் சுற்றறிக்கையை நான்தானே அடித்தேன்? மேனேஜர் நின்றுகொண்டே இரண்டு திருத்தம் சொன்னாரே? அது எங்கே?

இது சனிக்கிழமை டேப்பே இல்லை.

இலையும் பொரியும் துடைத்த துணியும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்தன. ஏழும் ஒரே மாதிரி கறுப்பு. உறை மாறிவிட்டது, மாற்றியது நான். நேற்று முழுக்க என் உயிர் மாதிரி மடியில் வைத்துக் காப்பாற்றியது ஆபீஸ் டேப்பை. அப்படியானால் சனிக்கிழமை டேப் இருப்பது ஆபீஸ் உறையில். அதை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள், போனால் போகட்டும் என்று சொன்ன மகராசியும் நான்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.

"சார், அந்த ஆபீஸ் டேப்பு... எழுதிட்டீங்களா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

இன்ஜினீயருக்கு அதற்கும் எரிச்சல்தான். "எங்க மேடம் எழுதுறது? பூட்டிக் கெடக்கு. காலைல ஏழரை மணிலேர்ந்து நோண்டுறேன், சந்தனம் காஞ்சு இறுகிப்போய் பூட்டு நகரவே மாட்டேங்குது."

டேப் அவர் மேசையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு குண்டூசி, சுரண்டின மஞ்சள் தூள். இன்னும் பத்து நிமிடம் நோண்டியிருந்தால் நகர்ந்திருக்கும். கையில் எடுத்தபோது அதன் ஓரம் சூடாக இருந்தது. அவர் பிடித்திருந்த சூடு.

"இதையும் மொதல்ல நீங்களே படிங்க" என்று அவரிடமே கொடுத்தேன். அவர் தன் வழக்கப்படி படித்தார். ஆபீஸ் கடிதங்கள் வந்தன, கடைசியில் விடுமுறைச் சுற்றறிக்கையோடு. "அடுத்தது?" என்றார் டாக்டரம்மா. இன்ஜினீயர் மறுபடி படித்தார். மறுபடியும் ஆபீஸ் கடிதங்கள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டிரைவை அதன் இன்னொரு பெயரில் கூப்பிட்டேன். ஒரு குறி தாண்டு என்றேன். நோயாளிகளின் பதிவேடு. இன்னொரு குறி தாண்டு என்றேன். கண் படங்கள், வரிசையாக, வருட வாரியாக. டாக்டரம்மா கீழே இருந்த பெரியவரின் எண்ணைச் சொன்னார். பட்டியலில் அந்த எண் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் முதலில் இறக்கினேன். மூன்று வருடப் படங்களும் வந்தன. டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"சொட்டு மருந்தே போதும், ஆபரேஷன் வேண்டாம்" என்றார். அது எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் எனக்குத்தான் கண் கலங்கியது.

முழுவதும் ஏறச் சாயங்காலம் ஆகிவிட்டது. தெய்வச் செயல் என்று ரிசப்ஷன் அக்கா ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தனம்தான் காப்பாற்றியதாம். நான் அப்படி எழுத மாட்டேன். சந்தனம் பூட்டை இறுக்கிப் பிடித்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்டியது யார்? சனிக்கிழமை சாயங்காலம் எழுதி முடித்ததும் அதை நகர்த்தின விரல் என்னுடையது. நான்கு வருடமாக நகர்த்துகிற விரல்.

ஐந்து மணிக்கு மேனேஜர் என் அறைக்கு வந்தார். நாலு வரிக் கடிதத்தை என் எதிரிலேயே கிழித்தார். "விடுங்கம்மா, மறந்துருவோம்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் மறக்க எனக்கு இஷ்டமில்லை. நானே ஒரு கடிதம் அடித்தேன். ஆயுத பூஜை முடிந்து டேப்புகளைத் துடைத்து வைக்கும்போது உறைகளை மாற்றிப் போட்டது என் தவறு. ஆபீஸ் உறையில் இருந்ததைச் சரிபார்க்காமல் அழிக்கக் கொடுத்ததும் என் தவறு. பேக்கப் எடுக்கவில்லை என்பது பொய். மூன்றும் ஒரே டேப்பில் இருந்தன, மூன்றும் திரும்ப ஏற்றப்பட்டன. கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கதவருகே நின்றவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். அதை வைத்துத்தான் நான் பணிந்துவிட்டதாகப் பேச்சு.

மேனேஜர் வாசித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கும்மா ரெக்கார்டுல?" என்றார்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

ஸ்கேன் செய்து ஆபீஸ் கடிதங்களோடு சேர்த்தேன். அன்று சாயங்கால பேக்கப்பிலும் அது போனது, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போகிறது. ஆபீஸ் கடிதங்கள்தான் டேப்பில் முதல் பேக்கப். குறி தாண்டத் தெரியாதவர் வந்து படித்தாலும், எத்தனை முறை தொடக்கத்திலிருந்து படித்தாலும், அந்தக் கடிதம் மட்டும் அவர் கையில் கட்டாயம் கிடைக்கும்.